டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஒரு மதகு

அரசாங்க அலுவலகத்தில் திட்டமிடல் பிரிவு வேலை என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை: பத்து மாதம் வராத காசுக்குத் திட்டம் எழுத வேண்டும், மிச்சம் இரண்டு மாதத்தில் வந்த காசை எப்படியாவது செலவழித்து முடிக்க வேண்டும். சம்பளம் பத்தாம் திகதியோடு முடிந்துவிடுகிறதே என்று வீட்டில் புலம்புகிறவர்களுக்கு இது விளங்காது. காசைச் செலவழிக்க ஏலாமல் தலையில் கை வைத்தவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டிசம்பர் கடைசிக் கிழமையில் எங்கள் பக்கம் வாருங்கள், தேத்தண்ணி வாங்கித் தந்து காட்டுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல வவுச்சர் எழுதிக் கை தேய்ந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் கற்பிட்டிக்காரி. புத்தளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பதவிப் பெயர் பெரிது, மேசை சின்னது. எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்காமல் இருக்க ஏலாது. சின்ன வயதில் இதற்காக உம்மாவிடம் அடி வாங்கினேன், பெரிய வயதில் சுற்றறிக்கை வாங்குகிறேன். இந்த வியாதியோடு ஒரே ஒரு மதகின் பின்னால் ஏழெட்டு வருடம் அலைந்த கதை இது.

ஓகஸ்ட் மாதம் அளந்தது

கரைத்தீவுப் பக்கம் களப்பு ஓரமாக ஒரு குடியிருப்பு. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஆட்கள். வந்தபோது ஓலைக் கொட்டில், இப்போது கல்வீடு. ஆனால் பஸ் கொண்டக்டர் இன்றைக்கும் "முகாம் இறங்குறவங்க வாங்க" என்றுதான் கத்துவார். பெரிய ரோட்டிலிருந்து அந்த ஊருக்குள் போக ஒரே ஒரு கிரவல் ரோட்டு, அதன் நடுவில் ஒரு பள்ளம். அங்கே ரோட்டுக்கு அடியால் தண்ணீர் ஓட ஒரு மதகு கட்டித் தாருங்கள் என்று கடிதம் வந்திருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிமலும் நானும் அளக்கப் போனோம். நிமல் சிலாபத்துச் சிங்களவர், ஆனால் கோபம் வந்தால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. நடுப் பள்ளத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது, அதை எழுப்பித்தான் அளவு நாடாவைப் பிடித்தோம்.

கடிதம் எழுதிய ஜெஸீமா ராத்தா குடையோடு வந்து சேர்ந்தார். எங்களுக்கு அக்கா என்றால் ராத்தா, அண்ணன் என்றால் நானா. அவருடைய கணவர் ஹனிபா நானா உப்பளத்தில் வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் புத்தளம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெசினில் படுக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு எடுக்க ஏலாது. ஒக்டோபரில் மழை தொடங்கினால் காட்டுப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க இந்தப் பள்ளத்தால்தான் களப்புக்கு இறங்குமாம், ஜனவரி வரைக்கும் இடுப்பளவு நிற்குமாம், எந்த த்ரீவீலும் உள்ளே வராதாம். இதையெல்லாம் ராத்தா அழாமல், கடைச் சாமான் எழுதிய துண்டை வாசிக்கிற மாதிரிச் சொன்னார். நிமல் காய்ந்த மண்ணைச் சப்பாத்தால் ஒரு தட்டுத் தட்டி, "எங்க அக்கா தண்ணி?" என்று கேட்டார். ராத்தா குடையை மடக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நவம்பர்ல வாங்க மாத்தயா. நீந்தத் தெரியுமெண்டா மட்டும் வாங்க."

காசும் வந்தது, தண்ணீரும் வந்தது

நிமல் மதிப்பீடு எழுதினார்: பன்னிரண்டு கொங்கிரீட் ஹியூம் குழாய், இரண்டு வரிசை, இரண்டு பக்கமும் கல் அணை. அனுப்பினோம், அனுமதி வந்தது. நான் சந்தோசத்தில் ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியும்விட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். அனுமதி வேறு, காசு வேறு என்பதை அப்போது நான் சரியாகப் படித்திருக்கவில்லை. செப்டம்பர் போனது, ஒக்டோபர் போனது. நவம்பர் கடைசியில்தான் காசு வந்தது. அன்றைக்கே நிமல் பள்ளத்தைப் பார்க்கப் போனார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறங்கினாராம், திரும்பி வந்தபோது பொக்கற்றுக்குள்ளிருந்த போனும் செத்துப் போயிருந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காத காசு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். போனால் போகட்டும் என்று விடவும் ஏலாது. "இந்த ஆட்களுக்குச் செலவழிக்கத் தெரியாது" என்று அடுத்த வருட ஒதுக்கீட்டில் வெட்டிவிடுவார்கள். எனக்கு வியாதி தொடங்கிவிட்டது. கணக்காளர் சேரின் மேசைக்குப் போனேன். நல்ல மனிதர், பேனை மூடியைக் கடித்துக் கடித்து யோசிப்பார், சிங்களத்தில் யோசித்துத் தமிழில் பதில் சொல்வார். "சேர், பெப்ரவரியில் தண்ணீர் வடிந்துவிடும். இந்தக் காசை இரண்டே இரண்டு மாதம் பத்திரமாக வைத்திருந்தால் என்ன? ஒவ்வொரு வருடமும் இந்தக் கரை மழையில் நனைகிற நேரம் பார்த்து ஏன் காசு அனுப்புகிறார்கள்? நவம்பரில் இங்கே மழை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவர் மூடியைக் கடித்தபடி யன்னலுக்கு வெளியே பெய்த மழையைப் பார்த்தார்.

"மிஸ், திறைசேரி வானத்தப் பாத்துக் காசு அனுப்புறதில்ல."

அறுபது கதிரை

சரி, செலவழிக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் விலை கேட்டு, வாங்கி, இறக்கி, பில் கட்டக்கூடிய பொருள் உலகத்தில் என்ன இருக்கிறது? அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விடை தெரியும். பிளாஸ்டிக் கதிரை. டிசம்பரில் எங்களுக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. மதகு கேட்ட முகாமின் மாதர் சங்கத்துக்கு அறுபது நீலக் கதிரை, ஒவ்வொன்றின் முதுகிலும் எங்கள் அலுவலகத்தின் பெயர். ட்ரக்டரில் ஏற்றி, தண்ணீருக்குள்ளால் இழுத்துக்கொண்டு போய் இறக்கினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையளிக்கும் கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நான் போகவேயில்லை.

ஜனவரியில் வேறொரு வேலைக்காக அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. பள்ளத்தில் இன்னும் தண்ணீர் நின்றது. அந்தக் கரையிலிருந்து நாலு ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் எதையோ தூக்கியபடி தண்ணீருக்குள் இறங்கி வந்தார்கள். கிட்ட வந்த பிறகுதான் பார்த்தேன். எங்கள் நீலக் கதிரை. அடியில் இரண்டு கம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் வெள்ளைத் தொப்பி போட்ட ஹனிபா நானா, மடியில் ஆஸ்பத்திரிக் கொப்பி, இரண்டு கையாலும் கதிரையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். இந்தக் கரையில் த்ரீவீல் ஒன்று காத்துக்கொண்டு நின்றது. பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பு வரைக்கும் நனைந்து ஜெஸீமா ராத்தா வந்தார். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கதிரை நல்ல பலம் மிஸ். அடுத்த முற தரக்குள்ள கைப்பிடி உள்ளதாப் பாத்துத் தாங்க."

வரி குறைந்த வருடம்

அதற்கடுத்த வருடம் முடிகிற நேரத்தில் வரிகளைக் குறைத்தார்கள். அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். சம்பளத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்று ஆளுக்காள் போனில் கணக்குப் பார்த்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நானும் பார்த்தேன், நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் வரி என்றாலே வெங்காயம்தான் ஞாபகம் வரும். இறக்குமதி வெங்காயத்துக்கு வரியைக் கூட்டினால் தோட்டம் வைத்திருக்கும் வாப்பாவுக்குச் சந்தோசம், குறைத்தால் கடைக்குப் போகும் உம்மாவுக்குச் சந்தோசம், ஒரே சோற்றுச் சட்டிக்கு முன்னால் இரண்டு கட்சி. அந்த வருடம்தான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததைக் கண்டேன். அலுவலகத்துக்கு முன்னாலிருக்கும் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் மட்டும், "நானா, இனி பிளேன்டீ விலை குறையுமா?" என்று கேட்டேன். வரி குறைந்த செய்தி சீனிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றார்.

சில மாதம் போனதும் சுற்றறிக்கை வந்தது. வருமானம் குறைந்துவிட்டது, ஆகவே புதிய வேலை எதையும் தொடங்கக்கூடாது. எங்கள் பட்டியலில் முதலாவதாக இருந்தது அந்த மதகு, முதல் சிவப்புக் கோடும் அதற்குத்தான். ராத்தா வந்தார். இந்த முறை உண்மையை நேராகவே சொன்னேன்: வரியைக் குறைத்தார்கள், அதனால் காசு குறைந்தது, அதனால் மதகு இல்லை. அவர் கதிரையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக யோசித்தார். சவர்க்காரம் அதே விலையாம். பாண் அதே விலையாம். போனுக்குக் காசு போட்டால் மட்டும் முந்தியைவிடக் கொஞ்சம் கூடக் கதைக்க முடிகிறதாம். தனக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்று விரலை மடக்கிக் காட்டினார். பிறகு, சண்டைக்கு வருகிற மாதிரியில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப மிஸ், அவங்க எங்களுக்குக் குறச்சித் தந்தது எங்கட மதகயா?"

உப்பளக்காரரின் கேள்வி

பிறகு வந்த வருடங்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் என்னோடு வரிசையில் நின்றவர்கள்தானே. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கடதாசி இல்லாததால் அலுவலகத்தில் பழைய கடிதங்களின் முதுகில் எழுதினோம். முகாமில் கதிரை தூக்க ஆட்கள் இருந்தார்கள், ஆனால் இந்தக் கரையில் வந்து நிற்க த்ரீவீல் இல்லை. அந்த மழைக்காலம் தொடங்கும் முன்பே ராத்தா தன் கணவரைப் புத்தளம் டவுனில் தங்கச்சி வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். மூன்று மாதம் பாயில் படுக்கை. ஒரு நாள் பிஸ்கட் பக்கற் ஒன்றோடு பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார், ஆனால் வாய் குறையவில்லை. மெசினில் படுத்திருக்கும் நாலு மணித்தியாலமும் அங்கேயுள்ள டீவியில் செய்திதான் பார்க்கிறாராம். என் வியாதி அவருக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாட்டுல காசு முடிஞ்சி எண்டு சொல்றாங்க மிஸ். உப்பெண்டா மழைக்குக் கரஞ்சி போச்சி எண்டு சொல்லலாம். காசு எப்புடி மிஸ் கரையிற?"

ஒரு பை நிறையத் துண்டு

நாடு கொஞ்சம் எழும்பி நின்றதும் வரிகள் திரும்பி வந்தன, முந்தியைவிடப் பெரிதாக. பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற அறிவித்தல் வந்தபோது எங்கள் படிக்கட்டு வரை சனம். வருமானம் இல்லாதவர்களும் பயத்தில் வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஜெஸீமா ராத்தா ஒரு பெரிய சொப்பிங் பையோடு வந்து, அதை என் மேசையில் கவிழ்த்தார். உள்ளே முழுக்க கடைத் துண்டு. புத்தளம் டவுனில் சாமான் வாங்கிய பில், போன் பில், மருந்துக்கடை பில், முகாமின் எல்லா வீட்டிலிருந்தும் நாலு மாதமாகச் சேர்த்தது. வீடு வீடாகப் பிரித்து இறப்பர் வளையம் போட்டிருந்தார். மேலே ஒரு கடிதம்: நாங்கள் வரி கட்டியதற்கு அத்தாட்சி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, ஆகவே எங்கள் மதகைத் தரவும்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஆட்களிடம் முப்பது வருடமாக எல்லா மேசையிலும் துண்டுதான் கேட்டிருக்கிறோம். நீ மன்னார்ப் பதிவா, புத்தளப் பதிவா, அட்டை எங்கே, கடிதம் எங்கே, நீ இங்கே இருக்கிறாய் என்பதற்கு ஆதாரம் எங்கே? கேட்கும் முன்பே துண்டைக் கொண்டுவந்து வைக்கப் பழகிவிட்டார்கள். பகல் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த பில்களின் அடியிலிருந்த வரியை மட்டும் கூட்டிப் பார்த்தேன். தொகையைச் சொல்ல மாட்டேன், ஒரு குழாய்க்குக் காணாது, அரைக் குழாய்க்குக் காணும். பிறகு ராத்தாவைக் கூப்பிட்டு, "வரியெல்லாம் ஒரே இடத்துக்குப் போய்க் கலந்துவிடும் ராத்தா, உங்கட காசு எது, எங்கே போனது என்று அங்கே யாராலும் பிரித்துக் காட்ட ஏலாது" என்று விளங்கப்படுத்தினேன். அவர் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"எங்களப் பத்தி இவ்வளவு காலமும் துண்டு கேட்டவங்களுக்கிட்ட, அவங்கட காசப் பத்தி ஒரு துண்டு இல்லயா மிஸ்?"

பேனை மூடி

அந்தத் துண்டுக் கட்டுகளை நான் கணக்காளர் சேரின் மேசையில் வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன், பொய் சொல்லவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தால், இறப்பர் வளையத்தைக் கழற்றி ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். "இந்த வீட்டில் யாருக்கோ இருமல் மிஸ், மூன்று முறை பாணி மருந்து வாங்கியிருக்கு," என்றார். பின்னேரம் வரைக்கும் வேறு வேலை பார்க்கவில்லை. அந்த வருடம் மதகு திரும்பப் பட்டியலில் ஏறியது, ஆனால் காசு வழக்கம்போல நவம்பரில்தான் வந்தது. அந்த வருடமும் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். கதிரைக்கு விலை கேட்கும் கடிதம் அச்சடித்து அவருடைய கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

"சேர்," என்றேன், "கதிரை வாங்க ஏலும் என்றால் ஏன் குழாய் வாங்க ஏலாது? மதகு கட்டுவதற்குத்தான் தண்ணீர் வடிய வேண்டும். குழாய் வாங்குவதற்கு எதற்கு வடிய வேண்டும்?" அவர் வாயிலிருந்து பேனை மூடியை எடுத்தார். இத்தனை வருடத்தில் எங்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, ஏனென்றால் கோப்பில் "மதகு" என்று ஒரே பெயரில் இருந்தது, அதைப் பிரித்துப் பார்க்க யாரும் நினைக்கவில்லை. டிசம்பர் முடிய மூன்று நாள் இருக்கும்போது பன்னிரண்டு குழாயும் பெரிய ரோட்டோரம் மேட்டில் வந்து இறங்கின. நானே பொருட் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பதிப்பதற்கு அடுத்த வருடமாவது காசு வருமா சேர் என்று கேட்டேன்.

"வாங்குறதுக்கு என்ட கையெழுத்துப் போதும் மிஸ். பதிக்கிறதுக்கு ஒங்கட அல்லாஹ்தான் கையெழுத்து வைக்கணும்."

நிமல் வராத ஞாயிற்றுக்கிழமை

ஓகஸ்ட் வந்தது, பதிக்கக் காசு வரவில்லை. முகாம் ஆட்கள் காத்திருக்கவில்லை. பாதி வீட்டில் உப்பளத்தில் பாத்தி வெட்டிய கைகள் இருக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள், நானும் போய் நின்றேன். காசு வராத வேலைக்கு நிமலுக்கு அலுவலக ரீதியாக வர ஏலாது. ஆகவே சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் களப்புப் பார்க்க வந்தார். வந்த இடத்தில், தற்செயலாக, பையிலிருந்து மட்டம் பார்க்கும் குழாயை எடுத்து முளையும் அடித்துவிட்டார். ஹனிபா நானாவை அதே நீலக் கதிரையில் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் வைத்திருந்தார்கள். அவர் முளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாத்தயா, ரெண்டு விரல் பிழ. களப்புத் தண்ணி ஊருக்குள்ள வரும்" என்றார். நிமலுக்கு முகம் சிவந்துவிட்டது. படித்த படிப்பையெல்லாம் எடுத்துச் சொன்னார்.

ஹனிபா நானா வாதாடவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். வெட்டிய அடியில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக, களப்புப் பக்கம் போகாமல் ஊர்ப் பக்கம் ஓடியது. பாத்திக்குப் பாத்தி இரண்டு விரல் உயரத்தில் கடல் தண்ணீரை நகர்த்திய ஆளுக்கு முன்னால் நாங்கள் என்ன செய்ய? நிமல் எல்லா முளையையும் பிடுங்கி, நானா காட்டிய இடத்தில் திரும்ப அடித்தார். அணைக்குச் சீமெந்து ஊர்ப் பணம், வேலைக்காரருக்குச் சோறு வீட்டுக்கொரு சட்டி. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் குழாய்களின் மேல் கிரவல் விழுந்துவிட்டது. முதல் நாள் போகும்போது நிமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ், நான் இண்டைக்கு இங்க வரல்ல, சரியா? ஆனா வராத ஆளுக்கு ஏன் இவ்வளவு வெக்கமா இருக்கு எண்டுதான் தெரியல்ல."

பன்னிரண்டு குழாய் எங்கே?

நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள், கணக்காய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். இளம் ஆள், மரியாதையாகப் பேசினார், பளபளப்பான சப்பாத்து. பொருட் பதிவேட்டை விரித்து, "ஹியூம் குழாய் பன்னிரண்டு. எங்கே மிஸ்?" என்று கேட்டார். பதித்தாயிற்று என்றேன். "பதித்த வவுச்சர்?" வவுச்சர் இல்லை, காசு வரவில்லை. "காசு வராமல் அரசாங்க வேலை எப்படி நடக்கும்?" அவரில் பிழை சொல்ல மாட்டேன். செலவழிக்காமல் நடந்த வேலையை எழுத அவருடைய படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. வேலை நடக்கவில்லை என்றால் குழாய் ரோட்டோரத்தில் இருக்க வேண்டும், ரோட்டோரத்தில் இல்லை என்றால் காணாமல் போயிருக்க வேண்டும், காணாமல் போனால் பதிவேட்டில் கையெழுத்து வைத்த ஆள் பொறுப்பு. அந்தக் கையெழுத்து என்னுடையது. "சேர், வந்து கண்ணால் பாருங்கள்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பள்ளம் இருந்த இடத்தில் இறங்கி நின்றோம். மழை கொட்டியது. ஒரு பக்கம் காட்டுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து இறங்குகிறது, மற்றப் பக்கம் களப்புக்குள் பாய்கிறது. அதிகாரி குடையைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், "குழாய் எங்கே மிஸ்? ஒன்றையும் காணவில்லையே" என்றார். நிரம்பி ஓடும் தண்ணீரில் குழாயின் வாய்கூடத் தெரியவில்லை. அப்போது முகாம் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம். ஒரு த்ரீவீல் நேராக எங்களை நோக்கி வந்தது. பின்னுக்கு ஹனிபா நானா, அதே வெள்ளைத் தொப்பி, மடியில் அதே ஆஸ்பத்திரிக் கொப்பி. யாரும் சாரத்தை மடிக்கவில்லை, கம்பு இல்லை, கதிரை இல்லை. அதைக் கண்டதும் எனக்குக் கணக்காய்வு மறந்துவிட்டது, கண் நிறைந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரியாது. நானாவுக்குப் பக்கத்திலிருந்த ஜெஸீமா ராத்தா தலையை வெளியே நீட்டி, யார் இவர் என்று கண்ணால் கேட்டார். "குழாயைத் தேடி வந்திருக்கிறார் ராத்தா" என்றேன். அவர் அந்த அதிகாரியைக் குடையிலிருந்து சப்பாத்து வரைக்கும் ஒரு தரம் பார்த்தார்.

"சேர், இவ்வளவு மழைக்கும் ஒங்கட சப்பாத்து நனையல்லயே, அதுதான் குழாய். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எங்களுக்கு மெசினுக்கு நேரம் போகுது."

அறிக்கையில் அந்தப் பன்னிரண்டு குழாயும் இன்றுவரைக்கும் "காணவில்லை" என்றுதான் இருக்கிறது, அதற்காக என் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிறார்கள், எங்கே போகிறது என்று நன்றாகத் தெரிந்து நான் கட்டுகிற ஒரே வரி அதுதான்.